மீசை வைத்த தாய்க்கோழி

வான்கோழிக் குஞ்சுக்குப் பசிக்கத் தெரியும்; சாப்பிடத் தெரியாது. குஞ்சு விற்றவர் இந்த ஒன்றைத்தான் சொல்லாமல் விட்டார். மற்றதெல்லாம் சொன்னார்.

"நோய் நொடி அண்டாது சார். வீட்டைச் சுத்திப் பாம்பு வராது. புது ஆள் வந்தா நாய்க்கு முன்னாடி இது கத்தும். ஆறு மாசத்துல ஒவ்வொண்ணும் ஆறேழு கிலோ நிக்கும். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், அதுபாட்டுக்கு மேயும்."

'நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்' என்ற சொல்லுக்கு மயங்காத ஓய்வூதியக்காரர் தமிழ்நாட்டில் இல்லை. கட்டுரையாளரும் மயங்கினார். (தன் அசட்டுத்தனத்தைத் தானே எழுதும்போது 'நான்' என்று போடக் கூச்சமாக இருந்தால், 'கட்டுரையாளர்' என்று போட்டு வேறு யாரோ போலத் தள்ளி நின்றுகொள்ளலாம். தமிழ் உரைநடை தரும் சலுகைகளில் இதுவும் ஒன்று.) அவர் அரசு அலுவலகம் ஒன்றில் 32 ஆண்டுகள் கோப்புகளை அடைகாத்தவர். ஒன்றுகூடப் பொரிந்ததில்லை. இனி உயிருள்ள எதையாவது வளர்க்கலாம் என்று, திருச்சிக்கு வெளியே முசிறி சாலையில் இருக்கும் தன் வீட்டுக்கு, ஓர் ஆடி மாதத்துச் சனிக்கிழமை, பிஸ்கட் அட்டைப்பெட்டியில் பத்துக் குஞ்சுகளைக் கொண்டு வந்து இறக்கினார்.

ஒவ்வொன்றும் ஏறத்தாழ 50 கிராம். ஓர் எலுமிச்சம்பழத்துக்குக் கழுத்தும் காலும் முளைத்த மாதிரி இருந்தன. முகத்தில் மட்டும் வயதுக்கு மீறிய குழப்பம். தாலுகா அலுவலகத்தில் எந்தச் சன்னலில் நிற்பது என்று தெரியாதவர்கள் முகத்தில் இருக்குமே, அது.

தீவனத்தைத் தட்டில் பரப்பி, தண்ணீரை மண்சட்டியில் ஊற்றி வைத்துவிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். குஞ்சுகள் தட்டைப் பார்த்தன. தட்டின் மேல் ஏறி நடந்தன. ஒன்று தீவனத்தின் நடுவிலேயே படுத்துத் தூங்கிவிட்டது. 'சாப்பாடு பலமா இருந்திருக்கு' என்று எண்ணிக்கொண்டு அவரும் தூங்கப் போனார்.

மறுநாளும் குஞ்சுகள் துள்ளிக்கொண்டுதான் இருந்தன. அதில் ஒரு சூது இருக்கிறது. பொரிவதற்குச் சற்று முன்பு, முட்டையில் மிச்சமிருக்கும் மஞ்சள்கரு குஞ்சின் வயிற்றுக்குள் போய்விடும். இரண்டு மூன்று நாளைக்கு அதுதான் கட்டுச்சோறு. தாய் எல்லா முட்டையையும் பொரித்து எழுந்து வரும்வரை தாக்குப்பிடிக்க இயற்கை செய்து வைத்த ஏற்பாடு. கட்டுச்சோறு தீர்வதற்குள் குஞ்சு தானாகச் சாப்பிடக் கற்றுக்கொண்டாக வேண்டும். நாட்டுக்கோழிக் குஞ்சு முதல் நாளே கற்றுவிடும். எறும்பு, அரிசி, செருப்பின் ஆணி என்று கண்ணில் பட்டதையெல்லாம் கொத்திப் பார்க்கும். வான்கோழிக் குஞ்சு தட்டு நிறையத் தீவனத்தை வைத்துக்கொண்டு பட்டினியில் சாகும். சாதாரணப் பேச்சு அல்ல இது. இளங்குஞ்சுகள் இறப்பதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று.

மூன்றாம் நாள் காலை ஒரு குஞ்சு எழுந்திருக்கவில்லை. கட்டுரையாளர் அதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினார். இளம் மருத்துவர் அதன் நெஞ்சுக்கு மேலிருக்கும் தீனிப்பையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"காலியா இருக்கு ஐயா. பட்டினி."

"தட்டு நிறைய தீவனம் இருக்கு டாக்டர்!"

"இருக்கு. அதுக்குப் பேருதான் தீவனம்னு யாரு சொல்லிக்கொடுத்தது?"

32 ஆண்டுப் பணியில் யாரும் அவரை இவ்வளவு சுருக்கமாக மடக்கியதில்லை.

மருத்துவர் சொன்ன வைத்தியத்தைக் கேட்டால் கால்நடை மருத்துவம் மாதிரியே இராது. பாலர் பள்ளிப் பாடத்திட்டம் மாதிரி இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி பால் கலந்து வைக்க வேண்டும். பத்துக் குஞ்சுக்கு ஒன்று என்ற கணக்கில் முட்டையை அவித்து, உதிர்த்துப் போட வேண்டும், பதினைந்து நாளைக்கு. வான்கோழிக் குஞ்சுக்குப் பச்சை நிறம் பிடிக்கும், எனவே கீரையைப் பொடியாக அரிந்து தீவனத்தின் மேல் தூவ வேண்டும். பளபளப்பும் பிடிக்கும், எனவே தட்டிலும் தண்ணீரிலும் வண்ணக் கோலிக்குண்டுகளைப் போட்டு வைக்க வேண்டும். குண்டைக் கொத்தப் போய் அலகில் தண்ணீர் படும், பட்டதும் தெரிந்துகொள்ளும். கோலி போட்டால் சட்டியில் ஆழமும் குறையும், குஞ்சு விழுந்து மூழ்காது. கடைசியாக, தட்டின் ஓரத்தை விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும், தாய் கொத்துகிற மாதிரி.

"யாரு தட்டணும்?"

"தாய் இல்லையே ஐயா, நீங்கதான்."

முட்டை விவகாரத்தில் வீட்டில் சிறு கொந்தளிப்பு. "நம்ம பெரியவன் வயித்துல இருந்தப்ப எனக்கு ஒரு நாளாவது இப்படி முட்டை அவிச்சு உதிர்த்துக் கொடுத்திருக்கீங்களா?" என்று அவர் மனைவி கேட்டார். கேள்வி நியாயமானது, 38 ஆண்டு தாமதமானது. பதில் இல்லாததால் கட்டுரையாளர் கோலிக்குண்டு தேடிப் புறப்பட்டார்.

ஒரு காலத்தில் கால்சட்டைப் பை கிழியுமளவு கோலிக்குண்டு நிறைந்திருந்த தேசம் இது. தெருவில் ஏழு வீடு ஏறி இறங்கியும் ஒன்று கிடைக்கவில்லை. எட்டாவது வீட்டுப் பேரனிடம் ஆறு குண்டுகள் இருந்தன. அவன் வாடகைக்குத்தான் தருவேன் என்றான்: குண்டுக்கு நாளொன்றுக்கு ஒரு ரூபாய், தொலைந்தால் ஐந்து ரூபாய். எழுத்து மூலம் வாங்காததுதான் குறை.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குக் கட்டுரையாளர் முழங்காலிட்டு, ஆள்காட்டி விரலை அலகாக வளைத்து, தட்டைத் தட்டத் தொடங்கினார். டொக், டொக், டொக். நரைத்த மீசை தீவனத்தில் உரசியது. பால்காரர் கேட்டுக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். "சார், மூக்குக் கண்ணாடி விழுந்துருச்சா?" என்றார். இல்லை, பாடம் நடக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்று சொல்லித் தொலைத்தார். பால்காரர் நல்லவர். கேட்டைத் திறந்து உள்ளே வந்து, அவரும் முழங்காலிட்டுத் தேட ஆரம்பித்தார்.

இருவருமாகத் தரையைத் தடவிக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. ஒரு குஞ்சு நீலக் கோலியை ஒரே கொத்தாகக் கொத்தியது. குண்டு வழுக்கியது, அலகு தண்ணீரில் முங்கியது. குஞ்சு திடுக்கிட்டு நின்றது. கழுத்தை நீட்டி வானத்தைப் பார்த்தது, விழுங்கியது, மறுபடி குனிந்தது. பக்கத்திலிருந்த குஞ்சு அதைப் பார்த்துத் தானும் குனிந்தது. கால் மணி நேரத்தில் ஒன்பதும் குடித்தன. ஒன்றுக்குப் புரிந்தால் போதும், மற்றவை பார்த்துக் கற்றுக்கொள்ளும். ஆனால் அந்த முதல் குஞ்சுக்குப் புரியும்வரை மனிதன் மண்டியிட்டாக வேண்டும்.

அடுத்த பாடம் சூடு. முதல் வாரம் குஞ்சுகள் இருக்கும் இடத்தில் 35 டிகிரி செல்சியஸாவது வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். இந்த 35 டிகிரியைத் திருச்சி மாநகரம் ஆண்டில் பாதி நாள் பகலில் இலவசமாகவே தருகிறது. வில்லங்கம் இரவில்தான், அதுவும் அம்மியை நகர்த்தும் ஆடிக் காற்றில். கட்டுரையாளர் குண்டு பல்பைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். தெர்மாமீட்டர் வாங்க வேண்டிய அவசியம் இல்லை, குஞ்சுகளே தெர்மாமீட்டர். பல்புக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்று ஏறி முண்டினால் குளிர்கிறது. சுவரோரம் ஒதுங்கி, வாயைப் பிளந்து, இறக்கையைத் தொங்கவிட்டால் சூடு அதிகம். கல்யாணப் பந்தலில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருப்பதைப் போல அங்கங்கே சிதறி வம்பளந்துகொண்டிருந்தால் சரியாக இருக்கிறது.

பல்பின் உயரத்தை மாற்றப் போனபோது ஒரு ஷாக் அடித்தது. பெரிய ஷாக் இல்லை, முன்னோர்களில் இரண்டு மூன்று பேர் கண்ணில் தெரிகிற அளவு. வான்கோழியால் மின்சாரம் தாக்கப்பட்டவர்களில் அவர் முதல்வர் அல்லர் என்பது ஓர் ஆறுதல். 1750ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, பெஞ்சமின் பிராங்ளின் ஒரு வான்கோழியை மின்சாரத்தால் கொல்லும் சோதனையில் இறங்கி, கை தவறி அந்த அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொண்டார். இடிதாங்கி கண்டுபிடித்த மேதை அவர். அந்த வெட்கக்கேட்டை அவரே கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறார். பின்னாளில், 1784இல், மகளுக்கு எழுதிய கடிதத்தில், வெண்தலைக் கழுகைவிட வான்கோழி மரியாதைக்குரிய பறவை என்று பாராட்டியும் இருக்கிறார். ஷாக் அடித்த பிறகு வந்த மரியாதை என்பது கட்டுரையாளரின் அனுமானம். அவருக்கும் அப்படித்தான் வந்தது.

இரண்டாவது குஞ்சு போனதற்கு அவரேதான் காரணம். பெட்டிக்குச் சதுர மூலைகள் இருந்தன. ஒரு நாள் இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. சூடு தேடி எல்லாம் ஒரு மூலையில் குவிந்தன. அடியில் இருந்தது மூச்சுமுட்டி இறந்தது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் தகட்டையோ அட்டையையோ வட்டமாக வளைத்துத் தடுப்பு வைக்கிறார்கள். வட்டத்தில் மூலை கிடையாது. காலையில் அவர் யாரிடமும் பேசாமல் அட்டையை வளைத்துக்கொண்டிருந்தார். அடுத்த முறை கரண்ட் போனபோது வெந்நீர் நிரப்பிய பாட்டில்கள் பழைய லுங்கியில் சுற்றித் தயாராக இருந்தன.

தரையில் முதலில் விரித்தது வழவழப்பான பத்திரிகைத் தாள். அதில் அவருடைய கட்டுரை ஒன்று வந்திருந்தது. வேறு பயன் ஏதும் காணாததால் விரித்தார். குஞ்சுகளுக்குக் கால் வழுக்கியது. வழுக்கும் தளத்தில் நின்றால் கால்கள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து நிரந்தர ஊனமாகிவிடும் என்று மருத்துவர் எச்சரித்ததும் தாளை எடுத்துவிட்டு நெல் உமியைப் பரப்பினார். தம் எழுத்தைப் பற்றி வந்த விமரிசனங்களில் இதுவே நேர்மையானது என்கிறார் அவர்.

தீவனக் கடைக்காரரிடம் "வான்கோழிக் குஞ்சுத் தீவனம்" என்று கேட்டால், "கோழித் தீவனம்தான் சார், எல்லாம் ஒண்ணுதான்" என்பார். ஒன்று அல்ல. முதல் நான்கு வாரம் வான்கோழிக் குஞ்சுக்கு 28 சதவீதம் புரதம் வேண்டும். சாதாரணக் கோழிக்குஞ்சுத் தீவனத்தில் இருப்பது ஏறக்குறைய 20தான். மிச்சத்தை முட்டை, கருவாட்டுத் தூள், புண்ணாக்கு என்று ஈடுகட்டலாம். கடலைப் புண்ணாக்கு மலிவாகக் கிடைத்ததால் கட்டுரையாளர் ஒரு மூட்டை வாங்கிப் போட்டார். ஓரத்தில் லேசாகப் பூசணம்.

அங்கேதான் மருத்துவர் முதன்முறையாகக் குரலை உயர்த்தினார். காரணம் இருந்தது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிக் குஞ்சுகள் சில மாதங்களுக்குள் செத்து விழுந்தன. என்ன நோய் என்று தெரியாததால் 'டர்க்கி எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். தொற்றுநோயும் இல்லை, கிருமியும் இல்லை. தேடிக்கொண்டே போனால், பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் வந்து நின்றது. அதில் வளர்ந்த அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூசணம் உண்டாக்கிய நஞ்சுக்கு, அதன் பெயரிலிருந்தே எழுத்தெடுத்து 'அஃப்ளடாக்ஸின்' என்று பெயர் சூட்டினார்கள். ஈரலைக் கெடுக்கும், மனிதருக்குப் புற்றுநோயும் தரும் நஞ்சு. இன்று கோவில்பட்டிக் கடலை மிட்டாய் கப்பலேற வேண்டுமானாலும் கடலைக்கு அஃப்ளடாக்ஸின் சோதனை நடக்கிறதென்றால், அந்தத் தேர்வை முதலில் எழுதித் தோற்றவை வான்கோழிக் குஞ்சுகள்தான். கட்டுரையாளர் மூட்டையைக் குழி தோண்டிப் புதைத்தார். கடைக்காரருடன் இன்றுவரை பேச்சில்லை.

ஒரு வாரம் ஆனபோது எட்டில் ஒன்று புதிய வித்தை காட்டியது. நகத்தளவு வால். அதை விசிறி மாதிரி விரித்து, இறக்கையைத் தரையில் படும்படி தாழ்த்தி, நெஞ்சை நிமிர்த்தி இரண்டு அடி நடந்தது. பிறகு தடுக்கி விழுந்தது. சில நாள் வயதிலேயே வான்கோழிக் குஞ்சுகள் இப்படித் தோகை விரித்துக் காட்டும்.

கட்டுரையாளருக்குப் பள்ளிக்கூடத்து மூதுரை நினைவுக்கு வந்தது. மயிலின் ஆட்டத்தைப் பார்த்து வான்கோழி காப்பியடித்தது என்று ஔவையார் சொல்லி வைத்தார். அன்றிலிருந்து தமிழ்நாட்டில் வான்கோழி என்றாலே போலி. ஆனால் இந்தக் குஞ்சு மயிலைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. தன் சொந்தத் தாயையே பார்த்ததில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. இன்று நாம் வான்கோழி என்று அழைக்கும் பறவையின் ஊர் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோ மக்கள் கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே அதைப் பழக்கி வளர்த்தார்கள். கொலம்பஸ் கடல் தாண்டிய பிறகுதான் அது மற்ற நாடுகளுக்கு வந்தது. அப்படியானால் ஔவை பார்த்த பறவை எது? ஔவையின் காலம் இடிக்கிறது, அல்லது பறவை வேறு. கட்டுரையாளர் தமிழறிஞர் அல்லர், ஆகவே இதைத் தமிழறிஞர்களிடம் விட்டுவிடுகிறார். அவர் கேட்பதெல்லாம், வழக்கு முடியும்வரை குற்றவாளி என்று சொல்லாதீர்கள் என்பதுதான்.

இந்தப் பறவையின் பூர்வீகம் எந்த நாட்டுக்கும் பிடிபடவில்லை என்பது அதன் பெயர்களிலேயே தெரியும். ஆங்கிலேயர் அதைத் துருக்கி என்றார்கள். துருக்கியர் 'ஹிந்தி' என்றார்கள், அதாவது நம்மூர்ச் சரக்கு. பிரெஞ்சுக்காரரும் 'இந்தியாவிலிருந்து' என்ற பொருளில் 'தேந்த்' என்றார்கள். டச்சுக்காரர் இன்னும் துல்லியமாகக் கள்ளிக்கோட்டை வரை வந்து 'கல்கூன்' என்றார்கள். போர்ச்சுகீசியர் 'பெரு' என்றார்கள். இந்தியிலும் அது கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. மலாய்க்காரர் 'டச்சுக் கோழி' என்றார்கள். எல்லோரும் பக்கத்து வீட்டைக் கை காட்டினார்கள். மெக்சிகோவைக் காட்டியவர் எவருமில்லை. இந்தியாவுக்கு வந்ததற்குச் சித்திர சாட்சியம் உண்டு. 1612இல் கோவாவிலிருந்து ஒரு வான்கோழி ஜஹாங்கீர் அரசவைக்கு வந்தது. அதன் தலை நொடிக்கொரு நிறம் மாறுவதைப் பார்த்து வியந்த பாதுஷா தன் நினைவுக் குறிப்பில் அதை எழுதினார். ஓவியர் மன்சூரைக் கொண்டு வரையவும் வைத்தார். அந்தப் படம் இன்று லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பேரரசரே வியந்து பார்த்த பறவையைத் தான் அரை நாள் பார்த்தால் மட்டும் வீட்டில் ஏன் வேலைவெட்டி இல்லாதவர் என்கிறார்கள் என்பது கட்டுரையாளரின் நெடுநாள் வருத்தம்.

கட்டுரையாளர் வீட்டுக் குஞ்சுகள் நந்தனம் வான்கோழி-1 வகை என்றார் விற்றவர். சென்னை நந்தனத்தில் இயங்கிய கால்நடைப் பல்கலைக்கழக நிறுவனம் நம் தட்பவெப்பத்துக்கென்று உருவாக்கிய இனம் அது. தாய்வழி தந்தைவழியில் ஒன்று நாட்டுக் கறுப்பு. மற்றொன்று அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் சிறு வெள்ளை. அந்த வெள்ளை இனத்தை அமெரிக்க வேளாண் துறை உருவாக்கியதன் நோக்கம் எளிமையானது: சின்னக் குடும்பத்தின் சின்ன அடுப்புக்குள் அடங்கும் பறவை வேண்டும். அப்படி அடங்குவதற்காகப் பிறந்த வம்சம், முசிறி சாலையில் எதற்கும் அடங்காமல் திரிந்தது.

ஒரு மாதம் கழித்துக் குஞ்சுகளைத் தோட்டத்தில் விட்டார். மழை வந்தால் வான்கோழி அண்ணாந்து வாயைப் பிளந்து நின்று, தண்ணீர் நிரம்பிச் செத்துப்போகும் என்று ஒரு கதை உலகம் முழுக்க உண்டு. பக்கத்து வீட்டு ஆச்சியும் அதைச் சொன்னார். கட்டுக்கதை அது. ஆனால் இளங்குஞ்சு நனையக் கூடாது என்பது உண்மை. உடம்பில் பஞ்சுமயிர் இருக்கும் வரை தண்ணீர் உள்ளே இறங்கிவிடும், குளிர் கொன்றுவிடும். முதல் மழைக்கு அவர் குடையை எடுத்துக்கொண்டு ஓடினார். குஞ்சுகள் குடைக்குப் பயந்து எட்டுத் திசைக்கும் சிதறின. கடைசியில் குடையை வீசிவிட்டு, நனைந்தபடி தரையைத் தட்டினார். டொக், டொக். எட்டும் வந்து சேர்ந்தன. ஆச்சி திண்ணையிலிருந்து, "தம்பி, உள்ள போப்பா, ஊரு பாக்குது" என்றார்.

பொரித்த சில நாளில் முன்னால் நடமாடும் உருவத்தையே தாய் என்று மனதில் பதித்துக்கொள்வது இந்தப் பறவைகளின் வழக்கம். அமெரிக்காவில் ஜோ ஹட்டோ என்ற இயற்கை ஆர்வலர் புளோரிடாக் காட்டில் காட்டு வான்கோழி முட்டைகளைப் பொரிக்க வைத்து, குஞ்சுகளுக்குத் தாயாகவே வாழ்ந்தார். அவற்றின் ஒலிகளைக் கற்று அவற்றோடு பேசினார். 1995இல் அதைப் புத்தகமாக எழுதினார். 2011இல் 'மை லைஃப் அஸ் எ டர்க்கி' என்ற ஆவணப்படமும் வந்தது. அவர் அதற்காக மனித சகவாசத்தையே ஏறக்குறைய விட்டுவிட்டார். கட்டுரையாளருக்கு அந்த வசதி இல்லை. டீக்கடைக்கும் ரேஷன் கடைக்கும் போயாக வேண்டும். எட்டும் வரிசையாகப் பின்னால் வரும். ரேஷன் கடையில் ஒருவர், "எல்லாத்துக்கும் கார்டுல பேர் சேர்த்தாச்சா?" என்று கேட்டார்.

ஆச்சிக்கும் அவருக்கும் ஒரே ஒரு சண்டை. ஆச்சியின் நாட்டுக்கோழிகள் வேலி தாண்டி வந்து மேயும். கோழிக்கும் வான்கோழிக்கும் ஒரே இடம் ஆகாது. கோழியின் குடற்புழு முட்டை வழியாகப் பரவும் ஒரு நுண்ணுயிர் கோழியைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. வான்கோழியின் ஈரலை அழித்துவிடும். கருந்தலை நோய் என்கிறார்கள். இதை ஆச்சியிடம் விளக்க, "என் கோழிக்கு வியாதின்னா சொல்ற?" என்று பத்து நாள் பேசவில்லை. பிறகு வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி போடும் நாளில் இரண்டு வீட்டுப் பறவைகளையும் சேர்த்து மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனதில் சமாதானம் ஏற்பட்டது. வேலியின் மேல் மீன்வலையும் ஏறியது.

நான்கைந்து மாதத்தில் மூன்று சேவல், ஐந்து பெட்டை என்று தெளிவாயிற்று. சேவல்களுக்குத் தொண்டை திறந்தது. எந்தப் பெரிய சத்தத்துக்கும் பதில் சொல்லாமல் இருக்க அவற்றால் முடியாது. அரசுப் பேருந்தின் ஹாரனுக்கு ஒரு 'குளுகுளுகுளு'. கோயில் மணிக்கு ஒன்று. குக்கர் விசிலுக்கு ஒன்று. எத்தனை விசில் வந்தது என்று அவர் மனைவி மறந்துவிட்டால், தோட்டத்துக் கணக்கை நம்பலாம். கோபம் வந்தால் முகம் சிவக்கும், மனநிலை மாறினால் நிறமும் மாறும், மூக்கின் மேலிருக்கும் தசை நீண்டு அலகைத் தாண்டித் தொங்கும். ஜப்பானியர் இதற்கு 'ஏழு முகப் பறவை' என்று பெயர் வைத்ததில் மிகை இல்லை.

காதலில் மட்டும் இந்தப் பறவையின் தரம் கொஞ்சம் மட்டு. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஷைன், ஹேல் என்ற இரு ஆய்வாளர்கள், பெட்டையின் பொம்மையைச் சேவல் முன் வைத்து, வால், கால், இறக்கை என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார்கள். கடைசியில் குச்சியில் செருகிய வெறும் தலைதான் மிஞ்சியது. சேவல் அப்போதும் அதன் முன்னால் தோகை விரித்து ஆடிக்கொண்டிருந்தது. கட்டுரையாளர் வீட்டில் கொல்லைச் சுவரில் சாத்தி வைத்த ஒட்டடைக் குச்சிக்கு அந்தப் பாக்கியம் கிடைத்தது. அவர் மனைவியால் ஒரு வாரம் ஒட்டடை அடிக்க முடியவில்லை.

மைத்துனர் வந்து, "மாமா, பிரியாணி எப்ப?" என்று கேட்டார். மருத்துவரும், ஐந்து பெட்டைக்கு ஒரு சேவல் போதும், மூன்று இருந்தால் ஒன்றையொன்று கிழித்துக்கொள்ளும் என்றார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் இரண்டு சேவல்கள் போயின. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. பிரியாணி நன்றாக இருந்தது என்று மைத்துனர் சொன்னார்.

மாசி மாதத்தில், சுமார் 30 வார வயதில், பெட்டைகள் முட்டையிடத் தொடங்கின. ஒருத்தி வைக்கோல்போருக்குப் பின்னால் இடம் பிடித்து, பதினொரு முட்டையோடு அடை உட்கார்ந்தாள். கோழி என்றால் 21 நாள், வான்கோழிக்கு 28. அந்த நான்கு வாரமும் கட்டுரையாளர் தயாராகிக்கொண்டிருந்தார். பல்பு மாட்டினார், அட்டையை வட்டமாக வளைத்தார், முட்டை வாங்கினார். எட்டாவது வீட்டுப் பேரனிடம் கோலிக்குண்டுகளை இம்முறை விலைக்கே வாங்கிவிட்டார்.

பங்குனியில் ஒன்பது குஞ்சுகள் வெளியே வந்தன. தாய் எழுந்தாள். நாலு அடி நடந்தாள். தரையில் எதையோ கொத்தினாள். ஒன்பதும் அவள் அலகு பட்ட இடத்தைக் கொத்தின. அவ்வளவுதான், பாலும் இல்லை, முட்டையும் இல்லை, கோலியும் இல்லை.

கட்டுரையாளரால் இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. கடைசிக் குஞ்சு ஒன்று சரியாகக் கொத்தவில்லை என்று அவருக்குப் பட்டது. மண்டியிட்டு, ஆள்காட்டி விரலை வளைத்து, அதன் முன்னால் தட்டினார். டொக், டொக். தாய் தலையைச் சாய்த்து அந்த விரலைப் பார்த்தாள். பிறந்த நான்காம் நாள் இதே விரலைப் பின்பற்றித்தான் அவள் தீனி தின்னக் கற்றாள். அது அவள் நினைவில் இருந்ததா என்று சொல்வதற்கில்லை; ஓங்கி ஒரே கொத்து.

அவர் மனைவி விரலில் மஞ்சள் வைத்துத் துணி சுற்றிவிட்டார். வெளியே ஒன்பதும் முருங்கை மரத்தடியில் தாயோடு போய்க்கொண்டிருந்தன.

"பேரப்பிள்ளைங்க எல்லாம் சாப்பிட்டாச்சு," என்றார். "நீங்களும் வந்து சாப்பிடுங்க. தட்டைத் தட்டணுமா, இல்ல தானா வருவீங்களா?"